பூட்டு நல்ல பூட்டுதான், குறிப்புச்சீட்டு சரியா இருக்கா? வெளியூரிலிருந்து வீட்டு நெட்வொர்க்கைப் பாதுகாப்பாக அணுகும் வழிகாட்டிகளை நாமே மேம்படுத்தலாம்

ஈரோட்டில் உங்களுக்கு ஒரு கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடையில் சி.சி.டி.வி கேமரா, பில்லிங் கம்ப்யூட்டர் எல்லாம் உண்டு. நீங்கள் ஒரு கல்யாணத்துக்காக மதுரைக்குப் போயிருக்கிறீர்கள். இரவு பத்து மணிக்குக் கடையை ஒருமுறை போனில் பார்த்துவிடலாம் என்று தோன்றுகிறது. இதற்கு இணையத்தில் இலவசமாக, கட்டற்ற மென்பொருளாக, உலகத்தரமான கருவிகள் கிடைக்கின்றன. அதை நிறுவும் வழிகாட்டியைத் திறக்கிறீர்கள். முதல் நாலு படி சரியாகப் போகிறது. ஐந்தாவது படியில், 'போர்ட்டைத் திறக்கவும்' என்று ஒரே வரி. எந்தப் போர்ட்? எங்கே திறப்பது? திறந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பதில் இல்லை.

இரண்டு மணி நேரம் போராடிவிட்டு, 'போதும்டா சாமி' என்று, யாரோ வீடியோவில் சொன்ன குறுக்குவழிக்குப் போகிறீர்கள். கேமராவையே நேராக இணையத்தில் திறந்துவிடுகிறீர்கள். உடனே வேலை செய்கிறது! உங்களுக்கு மட்டுமல்ல, உலகத்தில் யார் தட்டினாலும் திறக்கும் கதவாக அது மாறிவிட்டது. அது உங்களுக்குத் தெரியாது.

இங்கே பூட்டில் குறை இல்லை. பூட்டோடு வந்த குறிப்புச்சீட்டில்தான் குறை. அந்தக் குறிப்பைச் சரிசெய்ய பெரிய புரோகிராமராக இருக்கத் தேவையில்லை. அதே இடத்தில் தடுமாறி, பிறகு வழி கண்டுபிடித்தவர்தான் அதற்குச் சரியான ஆள். அதாவது, நீங்கள். எப்படி என்று ஒண்ணொண்ணா பார்க்கலாம் வாங்க.

முதலில், இரண்டு வழிகளையும் பிரித்துத் தெரிந்துகொள்வோம்

வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வர பொதுவாக இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, கேமரா அல்லது கம்ப்யூட்டரின் போர்ட்டை ரூட்டரில் நேராகத் திறந்துவிடுவது. தெருவைப் பார்த்த கதவைத் தாழ்ப்பாள் மட்டும் போட்டு விட்டுவைப்பது போல. கேமராவின் கடவுச்சொல் ஒன்றுதான் பாதுகாப்பு. 2016-ஆம் ஆண்டில் 'மிராய்' என்ற தீநிரல், இணையத்திலிருந்து எட்டக்கூடியதாக இருந்த கேமராக்கள், வீடியோ பதிவுப் பெட்டிகள், ரூட்டர்கள் ஆகியவற்றில் தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்களையே வரிசையாகப் போட்டுப் பார்த்து உள்ளே நுழைந்தது. அப்படிப் பிடித்த கருவிகளைப் படையாகத் திரட்டி, அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் டின் என்ற டி.என்.எஸ் நிறுவனத்தைத் தாக்கினார்கள். டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே பலருக்குத் திறக்காமல் போயின. அந்தக் கேமராக்களின் சொந்தக்காரர்களில் பெரும்பாலானோருக்குத் தங்கள் கேமரா இதில் சேர்ந்தது தெரிந்தே இருக்காது.

இரண்டாவது வழி, வி.பி.என். உங்கள் போனுக்கும் கடைக்கும் இடையே மறைகுறியாக்கப்பட்ட ஒரு சுரங்கப்பாதை. சரியான சாவி உள்ள கருவி மட்டும்தான் அதில் நுழைய முடியும். உள்ளே வந்தபிறகுதான் கேமராவே கண்ணுக்குத் தெரியும்.

இந்தக் கட்டுரையில் உதாரணத்துக்கு நாம் எடுத்துக்கொள்வது வயர்கார்டு என்ற கட்டற்ற வி.பி.என் மென்பொருள். ஜேசன் டோனன்ஃபெல்ட் என்பவர் உருவாக்கியது. 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் கெர்னல் 5.6-லிருந்து லினக்ஸின் உள்ளேயே இடம்பெற்றுவிட்டது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் செயலி உண்டு. நிரல் சிறியது, அமைப்புக் கோப்பும் பத்துப் பதினைந்து வரிதான். பிறகு ஏன் இத்தனை பேர் தடுமாறுகிறார்கள்?

குறிப்பு எங்கே தடுக்கி விழுகிறது?

கிட்ஹப் நிறுவனம் 2017-இல் நடத்திய திறமூலக் கணக்கெடுப்பில், 'ஆவணங்கள் முழுமையாக இல்லை அல்லது பழசாகிவிட்டன' என்பதைப் பிரச்சினையாகச் சந்தித்ததாக 93 சதவீதம் பேர் சொன்னார்கள். அதே கணக்கெடுப்பில், பங்களிப்பவர்களில் 60 சதவீதம் பேர் ஆவணங்களுக்குப் பங்களிப்பது அரிது அல்லது இல்லவே இல்லை என்றார்கள். எல்லோருக்கும் வலிக்கிறது, மருந்து போடத்தான் ஆள் இல்லை.

வயர்கார்டு போன்ற கருவிகளுக்கு எழுதப்படும் வழிகாட்டிகளில் வழக்கமாக விடுபடும் இடங்கள் இவை:

1. எந்தச் சாவி எங்கே? ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று ரகசியச் சாவி, மற்றொன்று பொதுச் சாவி. இரண்டுமே 44 எழுத்து நீளம், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உங்கள் கருவியின் கோப்பில், 'இன்டர்ஃபேஸ்' பகுதியில் உங்கள் ரகசியச் சாவியும், 'பியர்' பகுதியில் எதிர்ப்பக்கத்தின் பொதுச் சாவியும் வரவேண்டும். பல வழிகாட்டிகள் 'சாவியை ஒட்டவும்' என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகின்றன.

2. 'அலவுட் ஐ.பி.ஸ்' என்றால் என்ன? இந்த ஒரு வரிக்கு இரண்டு வேலை. அனுப்பும்போது, எந்த முகவரிகளுக்குப் போகும் தகவல் சுரங்கத்துக்குள் போகவேண்டும் என்று சொல்கிறது. வாங்கும்போது, எதிர்ப்பக்கம் எந்த முகவரியிலிருந்து பேச அனுமதி உண்டு என்று சொல்கிறது. போனில் 0.0.0.0/0 என்று போட்டால் போனின் ஐ.பி.வி4 இணையப் போக்குவரத்து முழுவதும் கடை வழியாகப் போகும். அதையே சர்வர் பக்கத்தில் போனுக்குப் போட்டால் சிக்கல்தான். அங்கே அந்தப் போனின் ஒற்றை முகவரி மட்டும், உதாரணமாக 10.8.0.2/32, வரவேண்டும். இரண்டு போன்களுக்கு ஒரே முகவரியைக் கொடுத்தால், கடைசியாகச் சேர்த்த போனுக்கு அது போய்விடும். முதல் போன் நின்றுவிடும்.

3. யூ.டி.பி-யா, டி.சி.பி-யா? வயர்கார்டு யூ.டி.பி-யில் மட்டும்தான் பேசும். ரூட்டரில் டி.சி.பி-யைத் திறந்துவிட்டு 'திறந்தாச்சு, ஆனா வரலையே' என்று முழிப்பவர்கள் ஏராளம். இணையத்தில் கிடைக்கும் போர்ட் சோதனைத் தளங்களில் பல டி.சி.பி-யை மட்டும் சோதிப்பவை. தவிர, சாவி இல்லாமல் தட்டுபவருக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது. அதனால் எல்லாம் சரியாக இருந்தாலும் அந்தத் தளம் 'மூடியிருக்கிறது' என்றே காட்டலாம்.

4. 'ஆன்' ஆகிவிட்டால் இணைந்துவிட்டதா? இல்லை! இதுதான் மிக முக்கியமான இடம். செயலியில் சுவிட்சைத் தட்டியதும் போனின் மேல்பட்டையில் சாவிப் படம் வந்துவிடும். எதிர்ப்பக்கம் சர்வரே ஓடாவிட்டாலும் வரும். உண்மையில் இணைந்ததா என்பதை 'லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்' நேரமும், பெறப்பட்ட தகவலின் அளவும்தான் சொல்லும். அனுப்பியது ஏறிக்கொண்டே போய், பெற்றது 0-விலேயே நின்றால், பாதை இன்னும் திறக்கவில்லை.

5. நிறுவனம் தந்த இணைய முகவரி உங்களுடையதுதானா? பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன. உங்கள் ரூட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வர முடியாது. இதை வழிகாட்டியின் முதல் பத்தியில் சொல்லியிருந்தால் எத்தனையோ பேரின் இரவுத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

6. பழைய குறிப்பு. 'பி.பி.டி.பி' என்ற பழைய வி.பி.என் முறையின் உள்நுழைவுப் பாதுகாப்பை உடைக்க முடியும் என்று 2012-லேயே காட்டிவிட்டார்கள். ஆப்பிள் 2016-இல் ஐ.ஓ.எஸ் 10-இல் அதை நீக்கியேவிட்டது. ஆனாலும் 'ஐந்தே நிமிடத்தில் வி.பி.என்' என்று அதைச் சொல்லித்தரும் பக்கங்கள் தேதி இல்லாமல் இன்றும் தேடலில் வந்து நிற்கின்றன.

ஒரு வரியை எப்படித் திருத்துவது? செய்துபார்ப்போம்

ஒரு வழிகாட்டியில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

'ரூட்டரில் போர்ட்டைத் திறந்து, அலவுட் ஐ.பி-யை நிரப்பி, ஆன் செய்யவும். அவ்வளவுதான்!'

எழுதியவருக்கு எல்லாம் தெரியும், அதனால் அவருக்கு 'அவ்வளவுதான்'. படிப்பவருக்கு அப்படி இல்லை. இதை இப்படி மாற்றலாம்:

'இந்த உதாரணத்தில் கடை சர்வரின் உள்முகவரி 192.168.1.10, கேமரா பெட்டி 192.168.1.50, சுரங்கத்தில் சர்வர் 10.8.0.1, உங்கள் போன் 10.8.0.2.

படி 1: ரூட்டர் அமைப்பில் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தைத் திறக்கவும். சில ரூட்டர்களில் இது விர்ச்சுவல் சர்வர் என்று இருக்கும். வெளிப்போர்ட் 51820, உள்போர்ட் 51820, உள்முகவரி 192.168.1.10, வகை யூ.டி.பி. வேறு எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டாம். கேமராவுக்கு முன்பு திறந்த போர்ட் இருந்தால் அதை நீக்கவும்.

படி 2: போனில், பியர் பகுதியின் அலவுட் ஐ.பி.ஸ் இடத்தில் 10.8.0.0/24, 192.168.1.0/24 என்று எழுதவும். கடைக்குப் போகும் தகவல் மட்டும் சுரங்கத்தில் போகும். மற்ற இணையம் வழக்கம்போல் இருக்கும்.

படி 3: சர்வரில், இந்தப் போனுக்கான பியர் பகுதியில் 10.8.0.2/32 மட்டும் எழுதவும்.

படி 4: போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் இருந்து சோதிக்கவும். கடை வைஃபையிலேயே இருந்து சோதித்தால் முடிவை நம்ப முடியாது. செயலியை ஆன் செய்து, பிரவுசரில் 192.168.1.50 என்று திறக்கவும்.

என்ன தெரியவேண்டும்: லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக் சில வினாடிகளுக்கு முன் என்று காட்டும். கேமரா பக்கம் திறக்கும்.

ஹேண்ட்ஷேக்கே வரவில்லை என்றால்: சர்வர் ஓடுகிறதா, போர்ட் யூ.டி.பி-யா, பொதுச் சாவிகள் இடம் மாறியிருக்கிறதா, ரூட்டரின் வெளிமுகவரி 100.64–100.127-க்குள் இருக்கிறதா என்று இதே வரிசையில் பார்க்கவும்.

ஹேண்ட்ஷேக் வருகிறது, கேமரா மட்டும் வரவில்லை என்றால்: சுரங்கம் சரி. சர்வர், சுரங்கத்தில் வந்த தகவலைக் கடை நெட்வொர்க்குக்குக் கைமாற்றவில்லை. ஐ.பி ஃபார்வர்டிங், முகவரி மாற்றம் ஆகிய அமைப்புகளைப் பார்க்கவும்.'

நீளம் கூடிவிட்டதே என்று நினைக்கிறீர்களா? ஆமாம், கூடிவிட்டது. ஆனால் படிப்பவரின் நேரம் குறைந்திருக்கிறது. கடைசி இரண்டு பத்திகளைக் கவனியுங்கள். 'வேலை செய்யலைன்னா என்ன செய்யணும்' என்ற கேள்விக்குப் பதில் இருக்கும் வழிகாட்டியைத்தான் மனிதர்கள் கடைசிவரை பின்பற்றுகிறார்கள். பதில் இல்லாத இடத்தில்தான் கேமராவை நேராகத் திறந்துவிடும் ஆபத்தான குறுக்குவழி தொடங்குகிறது.

நல்ல குறிப்பு எழுத ஏழு பழக்கங்கள்

1. செய்யும்போதே குறித்துக்கொள்ளுங்கள். முடித்தபிறகு எழுதினால், தடுமாறிய இடங்கள் மறந்துபோகும். போனில் ஒரு குறிப்புச் செயலி போதும். 'இங்கே அரை மணி நேரம் போச்சு' என்று எழுதிய வரிதான் தங்கம்.

2. யாருக்கு, எதற்கு என்று முதல் வரியில் சொல்லுங்கள். 'வெளியூரிலிருந்து கடைக் கேமராவைப் பார்க்க விரும்புபவருக்கு' என்பது தெளிவு. 'வி.பி.என் அறிமுகம்' என்பது தெளிவில்லை.

3. முன்தேவைகளை மேலே வையுங்கள். எப்போதும் ஓடும் ஒரு கம்ப்யூட்டர் அல்லது ராஸ்பெர்ரி பை, ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல், பொது முகவரி இருக்கிறதா என்ற சோதனை. இவை இல்லாதவர் பத்தாவது படியில் அல்ல, முதல் நிமிடத்திலேயே தெரிந்துகொள்ளட்டும்.

4. தேதியும் பதிப்பும் எழுதுங்கள். எந்த மாதம், எந்த ஆண்ட்ராய்டு பதிப்பு, எந்தச் செயலிப் பதிப்பில் சோதித்தீர்கள் என்று ஒரு வரி.

5. ஒவ்வொரு படிக்கும் மூன்று விஷயம் சொல்லுங்கள். என்ன செய்யவேண்டும், செய்தால் என்ன தெரியும், தெரியாவிட்டால் என்ன பார்க்கவேண்டும்.

6. திரும்பி வரும் வழியையும் எழுதுங்கள். போன் தொலைந்துபோனால் சர்வரில் அந்தப் போனின் பியர் பகுதியை நீக்கவேண்டும். நீக்கிய மாற்றம் சர்வரில் நடைமுறைக்கு வந்ததும் அந்தச் சாவி செல்லாது. இந்த ஒரு வரி இல்லாத வழிகாட்டி, மாற்றுச்சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்காமல் வீட்டை வாடகைக்கு விட்ட மாதிரி.

7. இன்னொருவரைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். தங்கை, நண்பர், பக்கத்துக் கடைக்காரர் யாராக இருந்தாலும் சரி. நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், வாய் திறக்காதீர்கள். அவர் எங்கே நிற்கிறாரோ, அங்கேதான் உங்கள் குறிப்பு நிற்கிறது. 'இது கூடவா தெரியாது' என்று நினைக்கத் தோன்றினால், அந்த வரியைத் திருத்துங்கள்.

எழுதும்போதே பாதுகாப்பு: இதில் அலட்சியம் கூடாது

உதவி செய்யப்போய் உங்கள் கதவையே திறந்துவிடக் கூடாது அல்லவா? எனவே:

- உண்மையான முகவரியை உதாரணமாகப் போடாதீர்கள். வெளிமுகவரி வேண்டிய இடத்தில் எழுதுவதற்கென்றே உலக அளவில் ஒதுக்கிவைத்த எண்கள் உண்டு: 192.0.2.0/24, 198.51.100.0/24, 203.0.113.0/24. 2010 முதல் இவை மூன்றும் ஆவணங்களுக்கு மட்டும்தான். 203.0.113.5 என்று எழுதினால் யார் வீட்டுக் கதவையும் அது சுட்டாது.

- கியூ.ஆர் குறியீட்டைப் படம் எடுத்துப் போடவே போடாதீர்கள். வயர்கார்டு அமைப்பைப் போனில் ஏற்றப் பயன்படும் கியூ.ஆர் குறியீட்டுக்குள் ரகசியச் சாவியும் இருக்கிறது. அந்தப் படத்தை ஸ்கேன் செய்யும் எவரும் உங்கள் நெட்வொர்க்குக்குள் வரலாம். வாட்ஸ்அப் குழுவில் 'சரியா இருக்கா பாருங்க' என்று அனுப்புவதும் இதே தவறுதான்.

- திரைப்படத்தில் சாவியை மறைக்க, மங்கலாக்கும் வசதியை நம்பாதீர்கள். கறுப்புப் பட்டை போட்டு முழுதாக மூடுங்கள். இன்னும் நல்லது, சோதனைக்கென்று ஒரு தற்காலிகச் சாவியை உருவாக்கிப் படமெடுத்துவிட்டு, உடனே சர்வரிலிருந்து நீக்கிவிடுவது.

- தவறுதலாக ரகசியச் சாவியை வெளியிட்டுவிட்டால், வரியை அழித்தால் மட்டும் போதாது. திறமூலத் திட்டங்களில் ஒவ்வொரு திருத்தமும் வரலாற்றில் நிற்கும். பழைய பதிப்பைத் திறந்தால் சாவி அப்படியே இருக்கும். புதிய சாவி உருவாக்கி, பழையதைச் செல்லாததாக்குங்கள்.

- 'ஃபயர்வாலை அணைத்துவிட்டு முயற்சிக்கவும்' என்று எழுதாதீர்கள். படிப்பவர் அணைப்பார்; மறுபடி போட மறந்துவிடுவார். எந்த விதியைச் சேர்க்கவேண்டும் என்று எழுதுங்கள்.

- மென்பொருளிலேயே பாதுகாப்பு ஓட்டை இருப்பதாகத் தோன்றினால், அதைப் பொதுவில் எழுத வேண்டாம். பல திட்டங்கள் இதற்கென்று தனிப்பட்ட மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருக்கும். அங்கே சொல்லுங்கள்.

தமிழில் எழுதும்போது

தமிழில் எழுத வேண்டும் என்ற ஆசை நல்லது. ஆங்கிலம் சரளமாக வராத ஒருவர், அரைகுறையாகப் புரிந்துகொண்டு பாதுகாப்பு அமைப்பைத் தொடுவதைவிட, தாய்மொழியில் முழுதாகப் புரிந்து தொடுவது மேல். கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவரும் கணியம் போன்ற முயற்சிகள், அது முடியும் என்று ஏற்கெனவே காட்டியிருக்கின்றன.

ஆனால் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, திரையில் இருக்கும் பொத்தானின் பெயரை மொழிபெயர்க்காதீர்கள். திரையில் ஆங்கிலத்தில் இருந்தால் அதையே எழுதி, பொருளைத் தமிழில் சொல்லுங்கள். 'இணையர்' என்று நீங்கள் எழுதினால், 'பியர்' என்று காட்டும் திரையில் அவர் எதைத் தேடுவார்?

இரண்டாவது, கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒரு எழுத்துகூட மாற்றாமல் விடுங்கள். எந்திர மொழிபெயர்ப்பில் போட்டால் கட்டளையையும் சேர்த்து மாற்றிவிடும் வாய்ப்பு உண்டு. வரிவரியாகச் சரிபாருங்கள்.

மூன்றாவது, போன் கீபோர்டு செய்யும் 'உதவி'. முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும். இரண்டு சிறு கோடுகளை ஒரே நீளக் கோடாக்கும். நேர் மேற்கோள் குறியை வளைந்த குறியாக்கும். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. கட்டளை மட்டும் ஓடாது. கட்டளை எழுதும்போது ஆட்டோ கரெக்ட்டை அணைத்துவையுங்கள்.

திருத்தத்தை அனுப்புவது எப்படி?

பெரும்பாலான திறமூல ஆவணங்கள் கிட்ஹப், கிட்லேப் போன்ற தளங்களில் இருக்கின்றன. போன் பிரவுசரிலிருந்தே அனுப்பலாம்.

- ஆவணப் பக்கத்தில் 'இந்தப் பக்கத்தைத் திருத்து' என்ற பொருளில் ஒரு பென்சில் படமோ இணைப்போ இருக்கிறதா பாருங்கள்.
- திட்டத்தின் பங்களிப்பு விதிகளைப் படியுங்கள். சில திட்டங்கள் மின்னஞ்சல் வழியாக மட்டும் திருத்தங்களை வாங்கும். எந்த உரிமத்தில் உங்கள் எழுத்து வெளிவரும் என்பதும் அங்கே இருக்கும்.
- ஒரே திருத்தத்தில் ஒரே விஷயம். முழு வழிகாட்டியையும் மாற்றி எழுதி அனுப்பினால், பராமரிப்பவருக்குப் படிக்கவே நேரம் இருக்காது. 'டி.சி.பி அல்ல, யூ.டி.பி' என்ற ஒரு வரித் திருத்தம் அன்றைக்கே ஏற்கப்படலாம்.
- ஏன் மாற்றினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். 'இந்தப் படியில் நான் இங்கே தடுமாறினேன், இந்தப் பதிப்பில் சோதித்தேன்' என்றால் போதும்.
- உங்கள் பெயரும் மின்னஞ்சலும் பொதுவில் தெரியலாம். மின்னஞ்சலை மறைக்கும் வசதி அமைப்புகளில் இருந்தால் முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

பதில் வரத் தாமதமானால் மனம் தளராதீர்கள். பலர் தங்கள் சொந்த நேரத்தில்தான் இவற்றைப் பராமரிக்கிறார்கள். மறுத்தாலும் காரணம் கேளுங்கள், அதுவும் பாடம்தான்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*எனக்கு நிரல் எழுதத் தெரியாது. நான் திருத்தினால் ஏற்பார்களா?*
ஏற்பார்கள். பராமரிப்பவருக்கு நிரல் தெரியும். புதிதாக வருபவர் எங்கே தடுமாறுவார் என்பது தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும்.

*நேற்று வரை வந்தது, ரூட்டரை அணைத்துப் போட்டபிறகு வரவில்லை. ஏன்?*
வீட்டின் வெளிமுகவரி மாறியிருக்கலாம். டைனமிக் டி.என்.எஸ் என்ற பெயர்ச் சேவையைப் பயன்படுத்தினால் பெயர் புதிய முகவரியைச் சுட்டும். ஆனால் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும் செயலியை ஒருமுறை அணைத்து ஆன் செய்ய வேண்டியிருக்கலாம். பாருங்கள், இதுவே வழிகாட்டியில் சேர்க்கத் தகுந்த ஒரு வரி.

*தங்கும் விடுதி வைஃபையில் மட்டும் கடைக் கேமரா வரவில்லையே?*
விடுதியும் உங்கள் கடையும் ஒரே 192.168.1 எண் வரிசையைப் பயன்படுத்தினால் முகவரிகள் மோதும். மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பாருங்கள். நிரந்தரத் தீர்வாக, கடையின் எண் வரிசையை வேறாக மாற்றுங்கள்.

*பொது முகவரி கிடைக்காவிட்டால்?*
இணைய நிறுவனத்திடம் நிலையான பொது முகவரி கேட்கலாம். ஐ.பி.வி6 இருந்தால் அதையும் பார்க்கலாம். அல்லது வாடகைக்குக் கிடைக்கும் ஒரு சிறிய கிளவுட் சர்வரை நடுவில் வைத்து, கடையும் போனும் அதனுடன் இணையும்படி செய்யலாம். அப்போது கடைப் பக்கத்தில் 'பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ்' என்பதை 25 வினாடி என்று வைப்பது வழக்கம்.

எச்சரிக்கை: இதையும் அதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்

இந்தக் கட்டுரை உங்கள் நெட்வொர்க்குக்கு நீங்களே போகும் வழியைப் பற்றியது. 'பேங்க்ல இருந்து பேசறோம், இந்த ஆப்பைப் போடுங்க, வர்ற நம்பரைச் சொல்லுங்க' என்று யாராவது போனில் சொன்னால், அது உங்கள் திரையை அவர் கையில் கொடுக்கும் வேலை. உடனே இணைப்பைத் துண்டியுங்கள். வி.பி.என் கோப்போ கியூ.ஆர் குறியீடோ முகம் தெரியாதவர் அனுப்பினால் அதையும் ஏற்றாதீர்கள். உங்கள் போனின் இணையப் போக்குவரத்து முழுவதும் அவர் சர்வர் வழியாகப் போகும்படி அதில் அமைத்திருக்கலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள்.

இந்த வாரப் பயிற்சி

1. உங்கள் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில், போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஏன் இருக்கிறது என்று தெரியாத வரி இருந்தால், ரூட்டரைப் போட்டுத்தந்தவரிடம் கேட்டு, தேவையில்லை என்றால் நீக்குங்கள்.
2. ரூட்டரின் வெளிமுகவரி 100.64–100.127-க்குள் வருகிறதா என்று பாருங்கள்.
3. நீங்கள் கடைசியாகப் பின்பற்றிய ஏதாவது ஒரு வழிகாட்டியை எடுத்து, தடுமாறிய ஒரு இடத்தை மட்டும் மூன்று வரியில் திருத்தி எழுதுங்கள்: என்ன செய்யவேண்டும், என்ன தெரியும், தெரியாவிட்டால் என்ன பார்க்கவேண்டும்.
4. அதை ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லி, பேசாமல் பாருங்கள்.
5. சரியாக வந்தால், திட்டத்துக்கு அனுப்புங்கள்.

அடுத்த முறை வேறொரு ஊரில், வேறொரு கடைக்காரர், இரவு பத்து மணிக்கு அதே ஐந்தாவது படிக்கு வருவார். நீங்கள் எழுதிய வரி அங்கே இருந்தால், அவர் ஆறாவது படிக்குப் போவார். அவருடைய கேமராவும் மூடிய கதவுக்குள்ளேயே இருக்கும்.